ஒரே வருத்தம், நாலு காட்டில் நாலு பெயர்

கேள்வி:

திருகோணமலை, உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என் மனைவி ஆசிரியை, வயது 34. 2023 ஆவணியில் இரண்டு கால்களும் மரக்கத் தொடங்கி, மூன்றாம் நாள் எழும்பவே முடியாமல் போனது. சலமும் போகவில்லை. முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் டயக்னோசிஸ் காட்டில் கேள்விக்குறி போட்டு 'ஜி.பி.எஸ்.' என்று எழுதினார்கள். அங்கிருந்து மாற்றிய பெரிய ஆஸ்பத்திரியின் காட்டில் 'ரி.எம்.' என்றிருக்கிறது. 2025 மாசியில் வலது கண் மங்கியது. கண் வாட்டுக் காட்டில் 'ஒப்ரிக் நியூரைட்டிஸ்'. இடையில் தனியாரில் காட்டிய டொக்டரின் துண்டில் 'எம்.எஸ்.'. இப்போது நரம்பியல் கிளினிக் கொப்பியில் 'அக்குவாபோரின் பொசிட்டிவ்' என்று ஒரு வரி மட்டும்தான்.

காப்புறுதிக்காரர், ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, நோயின் சரியான பெயரும் ஐ.சி.டி. குறியீடும் வேண்டும் என்று கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'எம்.எஸ். எங்கள் பட்டியலில் இருக்கிறது, அந்தத் துண்டை மட்டும் வையுங்கள்' என்கிறார் முகவர். இடமாற்றத்துக்கு வலயக் கல்விப் பணிமனை மருத்துவ அறிக்கை கேட்கிறது. கனடாவில் இருக்கும் மச்சான் 'கோட் என்ன' என்கிறார். எந்தக் காட் சரி? பழைய காட்டுகளைத் திருத்தித் தருவார்களா?

(கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில்: "கால் மரக்க முன்னம் எனக்குப் பன்னிரண்டு நாள் விடாத விக்கல். அது ஒரு காட்டிலும் இல்லை.")

பதில்:

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். பழைய காட்டுகளைத் திருத்தச் சொல்லி எங்கேயும் அலைய வேண்டாம். அந்தந்த நாளில் அந்தந்த வாட்டுக்குத் தெரிந்ததை அவை சொல்கின்றன. அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது, இப்போது தங்கச்சியைப் பார்க்கிற நரம்பியல் விசேட வைத்திய நிபுணரின் கையொப்பத்தோடு, இந்த நாலையும் கோர்த்துச் சொல்லும் ஒரே ஒரு கடிதம். அதில் நோயின் பெயர் சுருக்கெழுத்தாக இல்லாமல் முழுச் சொல்லாக இருக்க வேண்டும். முழுப்பெயர் வந்துவிட்டால் குறியீடு தானாகப் பின்னால் வரும். குறியீட்டை முதலில் கேட்டுப் போனால் ஒன்றும் கிடைக்காது.

நான் வைத்தியர் இல்லை. 31 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டு அறைகளில் இருந்தவன். வைத்தியர் எழுதியதை வாசித்து அதற்குரிய குறியீட்டைப் போடுவது என் தொழில். ஆகவே நோயைப் பற்றி நான் சொல்வதை உங்கள் வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். காகிதத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு குறியீடு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய பீ.எச்.ரி., அதாவது கட்டில் தலைமாட்டில் தொங்கிய அந்தக் காகிதக் கட்டு, பதிவேட்டு அறைக்கு வந்து சேரும். முன்பக்கத்தில் வைத்தியர் நோய் நிர்ணயம் எழுதியிருப்பார். நாங்கள் அதைப் பார்த்து ஐ.சி.டி.-10 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உரிய எண்ணைத் தேடிப் பதிவோம். அந்தப் பட்டியல் 1990இல் ஏற்கப்பட்டது. குறியீடு போடுகிறவர் நோயாளியைப் பார்த்ததில்லை. எம்.ஆர்.ஐ. படத்தை வாசிக்க அவருக்கு உரிமையும் இல்லை, படிப்பும் இல்லை. 'பொசிட்டிவ்' என்று ஒரு பரிசோதனைத் துண்டு இருந்தாலும், 'இதனால் இந்த நோய்' என்று வைத்தியர் எழுதாவிட்டால், அவராக நோயின் பெயரை வைக்கக்கூடாது. உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்கிற அந்த ஒரு வரியில் பரிசோதனை முடிவு இருக்கிறது, நோய் இல்லை. காப்புறுதிக்காரருக்கு அது வெறும் ஒரு சொல்தான்.

இனி அந்தக் கேள்விக்குறி. வைத்தியர் அதை நேர்மையாகத்தான் போட்டார். 'ஜி.பி.எஸ்., அதாவது கீயன் பாரே என்ற நரம்பு நோய் என்று சந்தேகிக்கிறேன், இன்னும் தெரியாது' என்பதுதான் அதன் பொருள். ஆனால் குறியீட்டுப் பட்டியலில் கேள்விக்குறிக்கு இடமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முடியும்போதும் நோய் 'சந்தேகம்' என்றே எழுதப்பட்டிருந்து, வேறு தகவலும் இல்லாவிட்டால், அதை உறுதியான நோயைப் போலவே குறியிட வேண்டும் என்பது ஐ.சி.டி.-10 விதி. அந்த விதிப்படி தங்கச்சியின் முதல் அனுமதி 'ஜி 61.0' என்று, கீயன் பாரே வந்தவர்களின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். வாட்டில் போட்ட கேள்விக்குறி எங்கள் அறையில் உதிர்ந்துவிடும். இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒரு சாய்கோடு போட்டு 'இதுவோ அதுவோ' என்று எழுதினாலும் அப்படித்தான். முதலில் எழுதிய பெயரைத்தான் எடுப்போம்.

அந்த முதல் வைத்தியரைக் குறை சொல்ல வேண்டாம். கால் இரண்டும் தளர்ந்து ஒருவர் வரும்போது முதல் நாட்களில் இரண்டு நோயும் ஒன்றுபோலத் தெரியும். கீயன் பாரேயில் முண்ணாணுக்கு வெளியே உள்ள நரம்புகள் பாதிக்கப்படும். 'ரி.எம்.' என்ற ட்ரான்ஸ்வேர்ஸ் மையலைட்டிஸில் முண்ணாணே, அதாவது முள்ளந்தண்டுக்குள்ளே ஓடும் அந்த வடமே, அழற்சியால் வீங்குகிறது. முண்ணாண் திடீரென்று அடிபட்டால் ஆரம்பத்தில் கால்கள் தளர்ந்து, சுத்தியலால் தட்டினாலும் துடிக்காமல் இருக்கும். அதனால் கீயன் பாரே என்று நினைப்பது இயல்பு. வயிற்றிலோ நெஞ்சிலோ ஒரு கோடு கிழித்ததுபோல 'இதற்குக் கீழே உணர்ச்சி இல்லை' என்ற எல்லையும், சலம் அடைத்துக்கொள்வதும் முண்ணாணைக் காட்டும் அறிகுறிகள். தங்கச்சிக்குச் சலம் அடைத்ததென்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்ததும் பெயர் மாறியதற்கு அதுவே காரணமாயிருக்க வேண்டும். அந்தக் காட்டின் 'ரி.எம்.' அந்த நாளுக்குச் சரி. அதன் குறியீடு 'ஜி 37.3'.

அப்போ கண்? 'ஒப்ரிக் நியூரைட்டிஸ்' என்றால் பார்வை நரம்பின் அழற்சி, குறியீடு 'எச் 46'. அதுவும் அந்த நாளுக்குச் சரிதான். கண் வாட்டில் கால் கதையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் 2023 காட் கையில் இருந்ததா?

முண்ணாணில் ஒரு தாக்கம், பார்வை நரம்பில் ஒரு தாக்கம். இந்த இரண்டும் சேர்ந்த நோயை 1894இல் பிரான்சில் யூஜின் டெவிக் என்ற வைத்தியர் விவரித்தார். அதன் பெயர் நியூரோமையலைட்டிஸ் ஒப்ரிக்கா. நூறு வருடத்துக்கு மேலாகப் பலர் அதை, மூளையையும் முண்ணாணையும் தாக்கும் மல்டிப்பிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் தனியான ஒரு பிறபொருளெதிரியை, அதாவது அன்டிபொடியைக் கண்டார்கள். அது தாக்குவது அக்குவாபோரின்-4 என்ற புரதத்தை என்று அடுத்த வருடம் தெரிந்தது. மூளையிலும் முண்ணாணிலும் உள்ள உயிரணுக்களில் நீர் போய்வரும் வாசல் அது. அதோடு இது எம்.எஸ். இல்லை, வேறு நோய் என்பது முடிவாயிற்று. உங்கள் கிளினிக் கொப்பியின் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதை. 2015இல் வந்த சர்வதேச வரையறையின்படி, அந்தப் பிறபொருளெதிரி உறுதியாக இருந்து, முண்ணாண், பார்வை நரம்பு போன்ற குறித்த இடங்களில் ஒன்றிலாவது தாக்கம் வந்து, வேறு நோயில்லை என்று கண்டால் இந்தப் பெயர் வைக்கலாம். உங்கள் வைத்தியர் அந்த முடிவுக்கு வந்துவிட்டாரா என்று அவரிடம் நேரே கேளுங்கள். வந்திருந்தால் குறியீடு ஒன்றுதான்: 'ஜி 36.0'.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறு குறிப்பு உண்டு. 'ஜி 37.3'இன் கீழே, இது நியூரோமையலைட்டிஸ் ஒப்ரிக்கா என்றால் இங்கே போடாதே, 'ஜி 36.0'க்குப் போ என்று எழுதியிருக்கிறது. காலைப் பிடித்ததும் கண்ணைப் பிடித்ததும் இனித் தனித்தனி நோய்கள் இல்லை, ஒரே நோயின் இரண்டு தாக்கங்கள் என்று பட்டியலே ஒத்துக்கொள்கிறது. காப்புறுதிக்காரர் 'முரண்பாடு' என்று சொல்வதற்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் அதை நீங்கள் சொல்லி எடுபடாது, நானும் சொல்லி எடுபடாது. நிபுணரின் கடிதம் சொல்ல வேண்டும்.

அந்த 'எம்.எஸ்.' துண்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது இதுதான்.

முகவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பட்டியலில் இருக்கும் பெயரைப் போட்டால் காசு சுலபமாக வரும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் தம்பி, ஒரு ஃபைலில் ஏறின பெயர் அங்கேயே நிற்காது. அடுத்த வைத்தியர் அதைத்தான் முதலில் வாசிப்பார். எம்.எஸ்.க்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, இன்டர்ஃபெரோன் பீற்றா, ஃபிங்கோலிமொட், நற்றலிசுமாப் போன்றவை, நியூரோமையலைட்டிஸ் ஒப்ரிக்கா உள்ளவர்களுக்கு நோயைக் கூட்டிவிடக்கூடும். புதிய தாக்கங்கள் வந்ததைப் பல நாட்டு வைத்தியர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்த நோயில் ஒவ்வொரு தாக்கமும் கொஞ்சம் பார்வையையோ கொஞ்சம் நடையையோ எடுத்துக்கொண்டு போகும், முழுதாகத் திரும்பித் தராது. காசுக்காக அந்தப் பெயரை வைத்திருந்து, நாளைக்கு ஒரு புது வைத்தியர் அதை நம்பி மருந்து எழுதினால் யார் பொறுப்பு? அந்தத் துண்டைக் கிழிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். நிபுணரின் கடிதத்தில் 'முன்னர் எம்.எஸ். என்று சந்தேகிக்கப்பட்டது, பின்னர் பிறபொருளெதிரிப் பரிசோதனையால் அது நீக்கப்பட்டது' என்று ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்துக்காகவே கடிதம் வாங்கலாம்.

காசு விஷயமும் அவ்வளவு மோசமில்லை. பொலிசிப் புத்தகத்தை முகவரிடம் கேட்காமல் நீங்களே எடுத்து வாசியுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கான பொலிசி என்றால் அந்த நோய்ப் பட்டியலில் பெயர் இல்லை என்பது மறுக்கக் காரணமாகாது. பாரிய நோய்ப் பட்டியல் என்றால், பலவற்றில் எம்.எஸ். மட்டுமல்ல, கைகால் செயலிழப்பு, பார்வை இழப்பு என்பனவும் தனியாக இருக்கும். என்ன அளவு, எத்தனை மாதம் நீடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். உண்மையான பெயரோடு அந்த வழியால் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் தலைமைக்கு எழுதுங்கள். பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழு இருக்கிறது.

சுருக்கெழுத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் நாட்டில் வாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கியவர்கள் நிறையப் பேர். அதற்கும் வாட்டில் எழுதுவது 'எம்.எஸ்.' தான், மைட்ரல் ஸ்டினோசிஸ். அதன் குறியீடு 'ஐ 05.0'. வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் நரம்பு நோயாளியை இருதய நோயாளியாக்கியதை நான் திருத்தியிருக்கிறேன். 'ரி.எம்.' என்றால் காது வாட்டில் செவிப்பறை. ஒரு வாட்டின் சுருக்கெழுத்து அந்த வாட்டின் கதவைத் தாண்டினால் வேறு பொருளாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் உங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் மூதூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் ட்ரான்ஸ்வேர்ஸ் மையலைட்டிஸ் என்று வந்து, ஓரளவு நடந்து வீட்டுக்குப் போனார். அவருடைய இரத்தத்தை வெளியே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்தது மூன்று கிழமை கழித்து. வாட்டில் அந்தக் கட்டிலில் அப்போது வேறு ஆள். துண்டு எங்கள் அறைக்கு வந்தது. பெயரைப் பார்த்து, பீ.எச்.ரி.யைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் நாலாக மடித்து வைத்துக் குத்தூசியால் பின்னினேன். ராக்கையில் திருப்பி வைத்தேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து அவர் ஒரு கண் தெரியாமல் வந்தார். பழைய பீ.எச்.ரி.யைக் கேட்டு வாட்டில் இருந்து ஆள் வந்தபோது குத்தூசி துருப்பிடித்துக் காகிதத்தில் இரண்டு கபிலப் புள்ளி விழுந்திருந்தது. அக்குவாபோரின் பொசிட்டிவ். அன்றே அதை வாட்டுக்கு எடுத்துப் போய் வைத்தியரின் கையில் கொடுத்திருந்தால் அவருக்கு மருந்து தொடங்கியிருப்பார்கள். அந்தத் துண்டைப் பின்னியது என் கை. அதற்குப் பிறகு ஆள் போன பின் வந்த எந்தப் பரிசோதனை முடிவையும் வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் நான் ராக்கையில் வைத்ததில்லை.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: தங்கச்சியின் இரத்தம் பரிசோதனைக்கு எடுத்த திகதி எது? முடிவு வந்த திகதி எது? அந்த மூலத்துண்டு யாரிடம் இருக்கிறது? கொப்பியில் ஒரு வரி எழுதினால் போதாது, ஆய்வுகூடத்தின் துண்டே வேண்டும். அதில் எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்பதும் இருக்கும். உயிரணுக்களை வைத்துச் செய்யும் முறைதான் மிக நம்பகமானது. பிளாஸ்மா மாற்றும் சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தமா, பின் எடுத்ததா என்பதையும் நிபுணர் பார்ப்பார். இனி எந்த வாட்டிலிருந்து வெளியேறும்போதும் 'வர வேண்டிய முடிவுகள் எவை' என்று கேட்டு, காட்டின் அடியில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

கடிதம் வாங்கும் வழி இது. கிளினிக் நாளில் நெரிசலுக்குள் நின்று கேட்காதீர்கள். வைத்தியருக்கு ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடமும் கிடைக்காது. முதல் நாளே ஒரு தாளில், உங்கள் கையெழுத்திலேயே, திகதி வரிசையில் நடந்ததை எழுதிக்கொண்டு போங்கள். எந்த நாள் மரத்தது, எந்த நாள் எழும்ப முடியாமல் போனது, எத்தனை நாள் ஊசி மருந்து, எப்போது நடக்கத் தொடங்கினா, கண் எப்போது, எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட், பீ.எச்.ரி. இலக்கம் என்ன. இலக்கம் டயக்னோசிஸ் காட்டின் மேலே இருக்கும். அது இல்லாமல் பழைய பீ.எச்.ரி.யைத் தேடுவது கோணேசர் மலையில் நின்று கடலில் விழுந்த மோதிரத்தைத் தேடுவது போல. காட்டுகளின் போட்டோக் கொப்பியையும், எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். படத்தைவிட அறிக்கைதான் எங்களுக்கு வேண்டும். முண்ணாணில் அழற்சி எந்த முள்ளெலும்பில் தொடங்கி எதுவரை என்று அதில் இருக்கும். மூன்று முள்ளெலும்பு நீளம் அல்லது அதற்கு மேல் என்றால் அது இந்த நோய்க்கு வலுவான சான்று. எம்.எஸ்.இல் பெரும்பாலும் சிறு சிறு துண்டாகத்தான் இருக்கும். காப்புறுதிக்காரரின் வைத்தியருக்கு அந்த ஒரு எண் பல பக்கத்தை மிச்சப்படுத்தும்.

மருத்துவ அறிக்கைக்கான விண்ணப்பத்தை ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகர் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். அது பதிவேட்டு அறைக்கு வரும், பீ.எச்.ரி.யை எடுத்து வாட்டுக்கு அனுப்புவார்கள். விண்ணப்பத்தில் என்ன தேவைக்கு என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். காப்புறுதிக்கும் கல்விப் பணிமனைக்கும் ஒரே அறிக்கை பொருந்தாது.

கல்விப் பணிமனைக்கு நோயின் பெயரைவிட, தங்கச்சியால் என்ன முடியும், என்ன முடியாது என்பதுதான் முக்கியம். இடமாற்றக் குழுவில் இருக்கிறவர்களுக்கு 'ஜி 36.0' என்று போட்டால் என்ன விளங்கும்? பொல்லோடு எவ்வளவு தூரம் நடப்பா, மாடிப்படி ஏறுவாவா, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சலம் எடுக்க வேண்டும், அதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை பாடசாலையில் வேண்டுமா, வலது கண்ணால் கரும்பலகை தெரியுமா. இவை வைத்தியரின் எழுத்தில் வரட்டும். கால் விறைத்து வலுவிழந்திருந்தால் அதற்கும் தனிக் குறியீடு உண்டு, 'ஜி 82.1'. நரம்புக் கோளாறால் சலப்பை வேலை செய்யாததற்கு 'என் 31.9'. நோயின் குறியீட்டுக்குப் பின்னால் இவற்றையும் சேர்த்தால்தான் ஆளின் உண்மையான நிலை தெரியும். ஆசிரியர்கள் பலர் சலப் பிரச்சினையை வெட்கத்தால் எழுத விடுவதில்லை. தங்கச்சியிடம் நீங்கள் பக்குவமாகப் பேசுங்கள். அதை எழுதாவிட்டால் கழிப்பறை வசதியில்லாத பாடசாலை கிடைக்கும், பிறகு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பா. அதன் கேடு வேறு.

கனடா மச்சானுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கனடாவும் அமெரிக்காவும் ஐ.சி.டி.-10ஐத் தங்கள் தேவைக்கு விரித்து வைத்திருக்கின்றன, ஆனால் 'ஜி 36.0' எங்கும் இதே நோய்தான். 2022 தையில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11இல் அது '8ஏ43'. அங்குள்ள வைத்தியர் யாராவது 'மொக்' பரிசோதனை செய்தீர்களா என்று கேட்கக்கூடும். இதைப்போலவே கண்ணையும் முண்ணாணையும் தாக்கும் இன்னொரு நோய் அது, பிறபொருளெதிரி வேறு. அமெரிக்கப் பட்டியலில் 2023 ஐப்பசி முதலாம் திகதியில் இருந்துதான் அதற்குத் தனி எண் கிடைத்தது. தங்கச்சிக்கு அக்குவாபோரின் உறுதியென்றால் அந்தக் கேள்விக்கு வேலையில்லை. ஒரு வேண்டுகோள்: இந்தக் காகிதங்களை வட்ஸ்அப்பிலோ வைபரிலோ குடும்பக் குழுக்களில் போடாதீர்கள். மச்சானுக்கு மட்டும் அனுப்புங்கள்.

காகிதங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். உப்புவெளிக் காற்றில் குத்தூசி ஒரு மாரியில் துருப்பிடித்துவிடும். பில்லைப் போன்ற மினுங்கும் தாளில் அச்சடித்த முடிவுகள் வெயிலில் வெளுத்துவிடும். எல்லாவற்றையும் ஒருமுறை போட்டோக் கொப்பி எடுத்து, மூலங்களை வேறாக வையுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நோயின் முழுப்பெயர், இப்போது எடுக்கும் மருந்து, அளவு, தொடங்கிய திகதி ஆகியவற்றை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். மாரிக்குப் பிறகு டெங்கு பரவும் காலத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து இரவில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர் என்பதை அந்த முதல் பக்கம் சொல்லிவிடும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை எடுக்கிறவராக இருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

தங்கச்சி, கடிதத்தின் அடியில் நீங்கள் எழுதிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பன்னிரண்டு நாள் விடாத விக்கல். அது வாயுக் கோளாறு என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள், பார்த்தவர்களும் நினைத்திருப்பார்கள். இந்த நோய் மூளைத்தண்டின் அடியில் வாந்தியையும் விக்கலையும் ஆளும் ஒரு சிறு இடத்தைத் தாக்குவதுண்டு. காரணமில்லாமல் நாட்கணக்கில் நீளும் விக்கலும் வாந்தியும் இந்த நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று என்று 2015 வரையறையிலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் நோய் தொடங்கியது கால் மரத்த நாளில் இல்லாமல், அந்த விக்கல் தொடங்கிய நாளிலாக இருக்கலாம். அதை முடிவு செய்வது உங்கள் வைத்தியர். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டுமே.

அந்த நாளைக் கண்டுபிடியுங்கள். பாடசாலையில் லீவு எடுத்திருப்பீர்கள், லீவுப் பதிவில் திகதி இருக்கும். மருந்துக் கடைத் துண்டு ஏதாவது அலுமாரியில் கிடக்கும். உங்கள் கணவர் எழுதப்போகிற அந்தத் தாளில் முதல் வரியாக அதை வையுங்கள்: இன்ன திகதி முதல் பன்னிரண்டு நாள் விக்கல், இத்தனை தரம் வாந்தி, இன்ன மருந்துக்கும் நிற்கவில்லை. வைத்தியர் வாசித்த பிறகு, கடிதத்திலும் கொப்பியிலும் அது ஏறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். ஏறாவிட்டால், 'சேர், இதையும் எழுதுங்கோ' என்று கேளுங்கள்.